ஓட்டுநர் முன்னால் ஓடுகிறார்

மெலாக்காவில் புக்கிட் பெருவாங்கைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, கையில் ஒரு தலையணை. தலையணையை எதற்கு எடுத்து வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நான் வேலை செய்த சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் பல மாதங்கள் அதில்தான் தலை வைத்திருந்தேன். கொரோனாவுக்காக நாட்டையே மூடப்போகிறார்கள் என்று முந்தின நாள் அறிவித்தார்கள். காலையில் முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு, "ரெண்டு வாரம்தான். முடிஞ்சதும் வா" என்றார். மேல்மாடியையும் பூட்ட வேண்டுமாம். அவர் கோபமாகச் சொல்லவில்லை, நானும் கோபப்படவில்லை. பதினாலு வயதில், ஃபாரம் டூவோடு பள்ளியை விட்டவன் நான். ஒரு கதவு மூடினால் அடுத்த ஊருக்கு நடப்பது எனக்குப் பழக்கம். டுரியான் துங்கால் பக்கம் ஓர் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

மஞ்சள் நிறப் பள்ளி வேன் ஒன்று என்னைக் கடந்து போனது. கொஞ்ச தூரம் போய் நின்றது. பிறகு கீக் கீக் என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தது.

"எங்க தம்பி போற?" ஓட்டுநர் இருக்கையில் ஐம்பதை ஒட்டிய ஓர் அக்கா.

"டுரியான் துங்கால்."

"நடந்தா?"

"பஸ் வரல அக்கா."

"ஏறு."

"பரவால்ல, நடந்துருவேன்."

"நடப்பியா மாட்டியானு நான் கேட்டனா? ஏறு லா."

ஏறினேன். வேன் நகரவில்லை.

"கதவு."

"சாத்திட்டேன் அக்கா."

"சத்தம் கேக்கல."

திறந்து மறுபடி ஓங்கிச் சாத்தினேன். வேன் கிளம்பியது.

அவர் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் திட்டுவார். அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் அவர் வேன் அக்காதான்.

தோட்டத்து வாசலில் காவலாளி கேட்டைத் திறக்கவே மறுத்துவிட்டான். அக்கா கண்ணாடியை இறக்கி, "வேல இல்லல்ல? வா, வெயில்ல நிக்காத" என்று கூப்பிட்டார். அன்றைக்கு அவர் வீட்டு வாசலில் நின்ற வேனில் படுத்தேன். அந்த வருடம் முடியும்வரை படுத்தேன். பின் இருக்கைகள் இரண்டைக் கழற்றிவிட்டால் நல்ல அறை. ஜன்னல்கள் வேறு ஏராளம்.

அக்காவின் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. எல்லையை மூடியதும் அங்கேயே மாட்டிக்கொண்டார். என்னைப் பற்றி அக்கா அவரிடம் தொலைபேசியில் சொன்னது எனக்குக் கேட்டது. "நம்ம வேன்ல ஒரு ஆள் தங்கியிருக்கான்" என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "ஏத்திட்டியா? சரி" என்றார் அந்த மனிதர். வேறெதுவும் கேட்கவில்லை. பின்னொரு நாள் அவரே எனக்குத் தொலைபேசியில் விளக்கினார். "தம்பி, எங்க கல்யாணத்துக்கு எல்லாரும் வந்துட்டாங்க, பொண்ணு வரல. கோயில் வாசல் வரைக்கும் வந்தவ, ரோட்ல கார் நின்னுபோன யாரோ ஒரு சொந்தக்காரங்கள ஏத்திக்கிட்டு வரேன்னு திரும்பிப் போயிட்டா. ஐயர் கைக்கடிகாரத்தப் பாக்குறாரு, நான் ஐயரப் பாக்குறேன்."

அக்காவின் குணமே அதுதான். யாரையும் விட்டுவிட்டுப் போகத் தெரியாது. பள்ளி விட்டு வரும் பிள்ளை வீட்டுக் கேட்டுக்குள் நுழைந்து, உள்ளேயிருந்து ஒரு முகம் தெரிந்தால்தான் வேன் நகரும். இதனால் தினமும் தாமதம். அம்மாக்கள் எல்லாரும் குறை சொல்வார்கள். ஆனால் ஒருவர்கூட வேறு வேனுக்கு மாறியதில்லை.

இப்படிப்பட்டவர் எடுத்துக்கொண்ட பொழுதுபோக்குதான் வேடிக்கை. கடலில் நீந்தி, கரையேறி சைக்கிள் மிதித்து, இறங்கி ஓடி, மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் போட்டி. டிரையத்லோன் என்றார். நாற்பதுக்கு மேல்தான் நீச்சலே கற்றாராம். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மதியம்வரை சும்மா இருக்க வேண்டியிருந்தது, தூங்கினால் உடம்பு பெருத்தது, அதனால் ஆரம்பித்ததாகச் சொன்னார்.

இரண்டு முறை போர்ட் டிக்சனில் போட்டிக்குப் போயிருக்கிறார். குறித்த நேரத்துக்குள் முடிக்கும் எல்லாருக்கும் மெடல் உண்டு. இவருக்கு இரண்டு முறையும் இல்லை. முதல் தடவை கடலில் ஒரு பெண் பயந்துபோய் மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். படகு வரும்வரை அக்காவும் பக்கத்திலேயே மிதந்துகொண்டு, அவளுக்கு எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை சைக்கிள் சங்கிலி அறுந்த ஓர் ஆளுக்காக இறங்கி, சங்கிலியைக் கோத்துக் கொடுத்தார். அந்த ஆள் நன்றி சொல்லிவிட்டு மிதித்தான். நேரத்துக்குள் முடித்தும் விட்டான்.

"நான் போய்ச் சேரும்போது பேனர சுருட்டிட்டாங்க. அவன் கழுத்துல மெடல போட்டுக்கிட்டு எனக்கு டாட்டா காட்டுறான் தம்பி."

"கோவம் வரலயா அக்கா?"

"வந்துச்சு. ஆனா சங்கிலி நல்லா மாட்டியிருந்தேன். அத நெனச்சா சந்தோஷமாவும் இருந்துச்சு. என்ன செய்ய?"

நான் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜனவரியில், வேன் பிள்ளைகளின் அம்மாக்கள் இருக்கும் வாட்சாப் குழுவில் அக்கா குரல் பதிவு ஒன்று போட்டிருந்தார். பிறகு எனக்கும் போட்டுக் காட்டினார். "எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். நாளைக்கு ஸ்கூல் தொறக்குது, சப்பாத்து வெள்ளையா இருக்கணும். இந்த வருஷம் நான் நேரத்துக்குள்ள முடிச்சு மெடல் வாங்கப் போறேன். வாங்கி வேன்ல மாட்டுவேன். நன்றி." ஊரறியச் சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது என்பது அவர் கணக்கு. அம்மாக்கள் கட்டைவிரல் படங்களாகக் கொட்டியிருந்தார்கள்.

மார்ச்சில் எல்லாம் மூடியது. நீச்சல்குளம் இல்லை, கடற்கரை இல்லை, வீட்டு வேலியைத் தாண்டி ஓடினால் போலீஸ்.

நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்கார மாமா நீச்சலுக்கு வழிசெய்தார். அவர் கேன்வஸ் தொட்டிகளில் கெளுத்தி மீன் வளர்ப்பவர். மீன் விற்றுக் காலியான தொட்டி ஒன்றைக் கழுவி, தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். நாலு கை போட்டால் மறுகரை வந்துவிடும். அதனால் பழைய சைக்கிள் டியூப்பை அக்காவின் இடுப்பில் கட்டி, மறுமுனையை ரம்புத்தான் மரத்தில் கட்டினோம். அக்கா நீந்துவார், நீந்துவார், அதே இடத்தில் இருப்பார். மூழ்கினால் காப்பாற்றுவது என் வேலை. தண்ணீர் இடுப்பளவுதான். எழுந்து நின்றால் போதும், ஆனாலும் நான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பார். கரையேறினால் அந்த வட்டாரத்துப் பூனைகள் எல்லாம் அவர் பின்னால் வரும்.

ஓட்டம் வீட்டைச் சுற்றி. பாக்சிக்கின் வாத்துகளும் கூடவே ஓடும். அதில் ஒன்று நொண்டி. ஒவ்வொரு சுற்றிலும் அது பின்தங்கும். அக்கா மூலையில் நின்று இடத்திலேயே குதித்துக்கொண்டு, "வா, வா, மெதுவா வா" என்பார். நான் கையில் தொலைபேசியோடு நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"அக்கா, வாத்துக்கெல்லாம் நிக்கக்கூடாது!"

"அதுவும் ஓடத்தானடா வந்துச்சு."



காலையில் அக்கா செய்த இன்னொரு காரியம். வழக்கமாகப் பிள்ளைகளை ஏற்றும் அதே விடியற்காலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் வீடியோவில் கூப்பிடுவார். தலைவிரிகோலமாக ஓர் அம்மா திரையில் வருவார். "அக்கா! ஸ்கூலே இல்ல லா!"

"தெரியும். எல்லாரும் இருக்கீங்களானு பாத்தேன்."

எல்லாரும் இருந்தார்கள். அக்கா சைக்கிளில் ஏறுவார். பின்சக்கரத்தை இரண்டு கட்டைகளுக்கு நடுவே தூக்கி நிறுத்தியிருந்தோம். அதுவும் எங்கும் போகாது. இப்படியே அந்த வருடம் முழுக்க அக்கா நின்ற இடத்தில் கடலையும் சாலையையும் கடந்துகொண்டிருந்தார்.

போட்டி முதலில் தள்ளிப்போனது, பிறகு ரத்தானது. கடைசியில் ஏற்பாட்டாளர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். ஆண்டு முடிவதற்குள் ஏதாவது ஒரு நாள், அவரவர் ஊரில், அவரவரே செய்து, தொலைபேசிச் செயலியில் பதிந்து அனுப்பலாம். நேரத்துக்குள் இருந்தால் மெடல் தபாலில் வரும்.

அக்கா இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் வாடியது.

"தனியாவா?"

"தனியானாத்தான் அக்கா நீங்க முடிப்பீங்க. நிக்கிறதுக்கு ஆளே இருக்காது!"

 சிரித்தார். "அதுவும் சரிதான்."

டிசம்பர் கடைசியில், கட்டுப்பாடு தளர்ந்திருந்த ஒரு காலை. உம்பாய்க் கடலில் தொடங்கி, ஆயர் குரோ பக்கம் சைக்கிளை விட்டுவிட்டு, அங்கிருந்து டுரியான் துங்காலில் வீட்டு வாசல்வரை ஓடுவதாகத் திட்டம். தொலைபேசி தண்ணீர் புகாத உறையில் அக்காவின் இடுப்பில் இருக்கும், நான் வேனை ஓட்டிக்கொண்டு பின்னால் வர வேண்டும். "யாராச்சும் ரோட்ல நின்னா நான் பாத்துக்கிறேன். நீங்க திரும்பக்கூடாது" என்று சத்தியம் வாங்கியிருந்தேன்.

கடலில் ஒரு சிக்கல்தான். அக்கா மூழ்குவதாக நினைத்து மீனவர் ஒருவர் படகைத் திருப்பிக்கொண்டு வந்தார். அக்கா தலையைத் தூக்கி, நான் நீந்துகிறேன் என்று மலாயில் விளக்கினார். விளக்கியதோடு விடாமல், "உங்க எஞ்சின் சத்தம் சரியில்லையே, தனியா போறீங்களா?" என்றும் கேட்டார். கரையில் நின்று நான் கத்தினேன்.

சைக்கிளில் பாதி வழி. பெட்ரோல் தீர்ந்த மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார் ஒரு பெரியவர். பின்னால் மீன் பெட்டி. அக்காவின் சைக்கிள் மெல்ல வேகம் குறைவதைப் பார்த்தேன். ஹாரனை அழுத்தினேன்.

"போங்க! நான் ஏத்திக்கிறேன்!"

அவர் சைக்கிளை ஓரம் கட்டவில்லை. ஆனால் போகவும் இல்லை. நடக்கிற வேகத்தில் உருண்டுகொண்டிருந்தார். எனக்குப் புரிந்தது. மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, பெரியவரையும் மீன் பெட்டியையும் உள்ளே தள்ளிக் கதவை ஓங்கிச் சாத்தினேன். அந்தச் சத்தம் கேட்டதும் சைக்கிள் பறந்தது.

"யாருப்பா அந்தம்மா?" என்றார் பெரியவர். உம்பாயில் மீன் கடை வைத்திருக்கிறாராம். டுரியான் துங்காலில் ஒரு வீட்டு விசேஷத்துக்கு மீன் கொண்டு போகிறார்.

"இந்த வேன் ஓட்டுறவங்க."

"நீ யாரு?"

"நான் இந்த வேன்ல தூங்குறவன்."

பெரியவர் மீன் பெட்டியை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

ஓட்டம் தொடங்கிய பிறகு, பாசாரில் காய்கறி வாங்கிய பைகளோடு வராத பஸ்ஸுக்காக நின்ற ஓர் அம்மாவையும் ஏற்றினேன். அதற்கும் கதவுச் சத்தம் கேட்கும்வரை அக்கா இடத்திலேயே குதித்தார். ஆனாலும் நேரம் இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் இருந்தது. அந்த அம்மாவும் பெரியவரும் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ஓடும்மா, ஓடு!" என்று கத்த ஆரம்பித்தார்கள்.

டுரியான் துங்கால் நெருங்கும் இடத்தில் ரோட் பிளாக். நடந்து வருகிறவர்களை யாரும் நிறுத்தவில்லை, அக்கா ஓடிக் கடந்துவிட்டார். வேனைப் போலீஸ்காரர் ஒருவர் ஓரம் கட்டச் சொன்னார். உள்ளே எட்டிப் பார்த்தார். பள்ளி வேன். பிள்ளைகள் இல்லை. மீன் வாடை. கீரைக்கட்டு. ஒரு தலையணை.

"பள்ளிக்கூடமே இல்லையே. இந்த வண்டியின் வழக்கமான ஓட்டுநர் யார்?" என்று மலாயில் கேட்டார்.

நான் முன்னால் கை நீட்டினேன். "அதோ."

சாலையில் சிவப்புச் சட்டை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஓட்டுநர் ஏன் வண்டிக்கு முன்னால் ஓடுகிறார்?"

அதை மலாயில் விளக்கும் அளவுக்கு நான் படிக்கவில்லை. என் அடையாள அட்டையை வாங்கினார். அதில் இருந்த விலாசம் வேறு மாநிலத்தில் உள்ள, எப்போதோ இடித்துத் தரைமட்டமான ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தினுடையது. "இறங்கு" என்றார்.

அக்கா வளைவில் நின்றுவிட்டார். பின்னால் வேன் இல்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். நானும் மீன்காரப் பெரியவரும் பாசார் அம்மாவும் சாலையோரம் வரிசையாக நிற்கிறோம். அக்கா அங்கிருந்து எங்களைப் பார்க்கிறார். குதிக்கக்கூட இல்லை, அப்படியே நின்றார்.  மூன்றாவது தடவையும் போச்சு என்று நினைத்தேன். இரண்டு கையையும் தூக்கி, போங்க போங்க என்று வீசினேன். பெரியவர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு, "ஓடித் தொலையேம்மா!" என்று கத்தினார். போலீஸ்காரர் அவரை முகக்கவசம் போடச் சொல்லி அதட்டினார்.

அக்கா எங்களைப் பார்த்தார். வளைவைப் பார்த்தார். மறுபடி எங்களைப் பார்த்தார்.

பிறகு திரும்பி ஓடிப்போனார். வளைவில் மறைந்தே போனார். நாங்கள் மூவரும் கைதட்டினோம்.

கொஞ்ச நேரத்தில் அதே வளைவில் சிவப்புச் சட்டை திரும்பி வந்தது. போகும்போது ஓடியதைவிட வேகமாக ஓடி வந்தது. மூச்சு வாங்க, "சார், இவங்க எல்லாம் என் ஆளுங்க!" என்று தமிழில் தொடங்கி, மலாயில் முடித்தார். அந்தப் போலீஸ்காரரின் சகோதரி மகளைத் தினமும் பள்ளிக்கு ஏற்றிப் போவதே இந்த வேன்தான் என்பது பேச்சில் தெரியவந்தது. அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன அக்கா, முடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"வீட்டு கேட்டத் தொட்டேன். நேரம் பாத்தேன். இருந்துச்சு தம்பி, நேரம் இருந்துச்சு!"

அப்படியே ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். பாசார் அம்மாவை வீட்டில் இறக்கி, அவர் உள்ளே போகும்வரை நின்றார். மீனை விசேஷ வீட்டில் சேர்த்தார். பெரியவரைப் பெட்ரோல் வாங்க வைத்து, உம்பாய்ச் சாலையில் மோட்டார் சைக்கிள் கிளம்பும்வரை காத்திருந்தார். அங்கேதான் பெரியவர் என்னிடம், "மீன் சுத்தம் பண்ணத் தெரியுமா? ஆள் வேணும். வருஷம் பொறந்ததும் வா" என்றார். வீட்டுக்கு வந்து, எஞ்சினை நிறுத்தி, எல்லாரும் இறங்கியாச்சு என்று நிம்மதியாக மூச்சுவிட்ட பிறகு, அக்கா தொலைபேசியை எடுத்து முடிவுப் பொத்தானை அழுத்தினார்.

செயலி அதுவரை ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அக்கா ஓடிய ஓட்டத்தில் வேனின் வேகமும் சேர்ந்திருந்தது. உலகத்தில் எந்த மனிதனும் அப்படி ஓடியதில்லை. மெலாக்காவில் பாதியைச் சுற்றியிருந்தார்.

நான் தலையில் கை வைத்தேன். "கேட்டத் தொட்டதும் அழுத்த வேண்டியதுதான அக்கா?"

"எப்படிடா அழுத்துவேன்? நீங்க மூணு பேரும் ரோட்ல நிக்கிறீங்க. டிரிப் முடியலயே."

பதிவை அனுப்பினார். இரண்டு நாளில் பதில் வந்தது. வாகனம் பயன்படுத்தியதாகத் தெரிவதால் ஏற்க இயலாது, வருந்துகிறோம். வாட்சாப் குழுவில் ஓர் அம்மா, வேன் ஓடிய பகுதியை வெட்டிவிட்டு மறுபடி அனுப்பலாம், தன் மகனுக்குத் தெரியும் என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "வெட்டிட்டா அவங்க அங்கயே நின்ன மாதிரி ஆயிடும்" என்றார்.

ஆண்டின் கடைசி நாள் மாலை, மழை. வேனுக்குள் உட்கார்ந்துகொண்டு அக்கா குழுவுக்குக் குரல் பதிவு போட்டார். "எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷக் கணக்கு. நீச்சல், தொட்டியிலதான். இப்பவும் பூனை பின்னாடி வருது. சைக்கிள், எங்கயும் போகல. ஓட்டம், வாத்துங்களோட. மெடல் இல்ல. ஆனா நேரத்துக்குள்ள முடிச்சேன். யாரும் பாக்கல, நான் பாத்தேன். பிள்ளைங்க ராத்திரி நேரத்தோட தூங்கணும். நன்றி." உடனே பதில்கள் வந்து விழுந்தன. "வேன் ஜெயிச்சிருச்சு லா அக்கா!" என்று ஒருவர். "அடுத்த வருஷம் வாத்துக்கு மெடல்" என்று இன்னொருவர். அக்கா படித்துப் படித்துச் சிரித்தார்.

பிறகு தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது.

"தம்பி, ஒண்ணு சொல்லவா? யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்லுங்க."

"அந்த வளைவு தாண்டி ஓடினேன்ல. உங்களையெல்லாம் விட்டுட்டு." திருட்டுத்தனமாக மாங்காய் தின்ற பிள்ளை முகம். "நல்லா இருந்துச்சுடா. பின்னாடி யாருமே இல்ல. கால் ரெண்டும் காத்துல இருந்துச்சு. கேட்டு வரைக்கும் உங்க நெனப்பே வரல."

விட்டுவிட்டுப் போவது என் வாழ்க்கை முழுக்க நான் செய்துவந்த காரியம். அதற்கு இப்படி ஒரு முகம் உண்டு என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை அக்காவே என்னை உம்பாயில் கொண்டுவிட்டார். வழியெல்லாம் சாப்பாட்டைப் பற்றியும் முகக்கவசத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டே வந்தார். கடை முன்னால் இறங்கினேன். பையையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். நான் உள்ளே போய்ப் பெரியவரைப் பார்க்கும்வரை வேன் நிற்கும், பிறகு வாசலுக்கு வந்து கை காட்டினால்தான் நகரும் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

வேன் அதற்குள் கடற்கரைச் சாலையின் கோடியில் இருந்தது. நல்ல வேகம்.

பெரியவர் ஒரு ரப்பர் ஏப்ரனையும் கத்தியையும் நீட்டினார். முதல் கூடையில் சிவப்பு மீன்கள். உட்கார்ந்து செதிலைச் சுரண்ட ஆரம்பித்தேன்.